மலைப்பாதையும் துவிச்சக்கரவண்டியும்

ஏற்றத்திலே ஒருவனுடைய வலிமை புலப்படும். இறக்கத்திலே அவனுடைய குணம் புலப்படும். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவர்கள் எமது கல்லூரி மாணவர் நால்வர் ஆவர்.

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், அவர்கள் தத்தம் துவிச்சக்கரவண்டிகளுடன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். "சேர், ஹந்தானைப் பக்கம் போகிறோம். நீங்களும் வாருங்கள்" என்றனர். நாற்பதைக் கடந்தவனுக்கு இஃது ஏற்ற அழைப்பா என்று ஒரு கணம் தயங்கினேன். எனினும் இளைஞர் அழைக்கும்போது மறுத்தல் முதுமையை நாமே வரவழைத்தலாகும் என்றெண்ணிப் புறப்பட்டேன்.

ஏறியது ஓரளவு, வண்டியைத் தள்ளியது பேரளவு. உச்சிக்குச் சற்றுக் கீழே, தேயிலையும் காடும் சந்திக்கும் ஒரு வளைவில் இளைப்பாறினோம். அங்கிருந்து பழைய தோட்டப்பாதை மலையை அணைத்தாற்போல் வளைந்து வளைந்து இறங்கிற்று. அதனைக் குறுக்கறுத்து, நேர் கீழ்நோக்கி ஓர் ஒற்றையடித் தடமும் சென்றது. மாணவருள் துடிப்பு மிக்க ஒருவன், "சேர், சுற்றிப் போவானேன்? இந்தக் குறுக்குப் பாதையால் இறங்கினால் அரை நிமிடத்தில் கீழே நிற்கலாமே!" என்றான்.

"சற்று நில், தம்பி. இந்தப் பாதை ஏன் சுற்றிப் போகிறது என்று நீ எண்ணிப் பார்த்ததுண்டா?" என்று கேட்டேன். அவன் விழித்தான். அன்று அவனுக்குக் கூறியவற்றையும், பின்னர் யான் தேடிப் படித்தவற்றையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

விளையாட்டின் பிறப்பு

துவிச்சக்கரவண்டி பெருந்தெருவுக்கே உரியது என எண்ணுவோர் பலர். ஆனால் கல்லும் முள்ளும் நிறைந்த பாதைகளை நாடிச் செல்லும் வண்டியோட்டிகள் நெடுங்காலமாகவே இருந்து வந்துள்ளனர். அத்தகையோர் 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் என்னும் ஊரிற் கூடித் தமக்கெனச் சங்கமொன்றையே அமைத்துக்கொண்டனர். அவர்களுடையவை சாதாரண வண்டிகளே. ஓட்ட இயலாவிடத்துத் தோளில் தூக்கிச் சென்றனர்.

இன்று நாம் காணும் மலைத் துவிச்சக்கரவண்டி அமெரிக்காவின் கலிபோர்னியாவிற் பிறந்தது. அங்குள்ள டமல்பாயிஸ் மலைக்கு அண்மையில் இளைஞர் சிலர் பழைய, பாரமான வண்டிகளைத் தேடியெடுத்து, செங்குத்தான மண்பாதையொன்றில் 1976 முதல் பந்தயம் ஓடினர். ஒவ்வோர் இறக்கத்தின் முடிவிலும் பின்சக்கரக் குடத்திலுள்ள பிறேக் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் புகைந்து போகும். மீண்டும் கிறீஸ் அடைத்தாலன்றி வண்டி உதவாது. அதனால் அப்பாதைக்கு 'மீண்டும் அடைத்தல்' எனப் பொருள்படும் பெயரே வழங்கலாயிற்று. 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இதற்கெனவே புதுச்சட்டம் அமைத்து வண்டி செய்தார். இருபதாண்டு நிறையுமுன், 1996இல், அத்லாந்தா ஒலிம்பிக் விழாவில் இவ்விளையாட்டு இடம்பெற்றுவிட்டது.

உரிமையும் கடமையும்

ஆங்கில நாட்டின் காடடர்ந்த குன்றுகளில் இன்று இவ்விளையாட்டு பெரிதும் பரவியுள்ளது. அதற்கு வழிவகுத்தது ஒரு சட்டம். அந்நாட்டிலே தனியார் நிலங்களின் ஊடாகச் செல்லும் பழைய குதிரைப்பாதைகள் பல உண்டு. நடப்போரும் குதிரையேறிச் செல்வோருமே அவற்றைப் பயன்படுத்தலாம் என்றிருந்த நிலையை 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் மாற்றியது. துவிச்சக்கரவண்டிக்கும் அங்கே உரிமை அளித்தது. ஆயினும் அதே சட்டம், வண்டியோட்டி நடந்து வருபவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட்டே செல்லவேண்டும் என்றும் விதித்தது. உரிமையையும் கடமையையும் ஒரே மூச்சிற் கூறிய அச்சட்டம் நாம் கருதத்தக்கது.

வின்செஸ்டர் நகரிலிருந்து ஈஸ்ற்போண் கடற்கரை வரை ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளும் சவுத் டவுன்ஸ் நெடும்பாதையை இன்று முழுவதும் வண்டியிலேயே கடக்கலாம். டீன் காடு போன்ற இடங்களிலோ வண்டிகளுக்கென்றே தடங்கள் அமைத்து, அவற்றின் கடுமைக்கேற்பப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நிறக்குறி இட்டுள்ளனர். தன் ஆற்றலை அறிந்து தடத்தைத் தேர்வது ஓட்டுபவனின் பொறுப்பு.

எமது மலைகளின் பாதைகள்

இனி எம் ஊருக்கு வருவோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னே, கண்டிக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரில் வளைந்தோடும் பாதைகளை வகுத்தவர் யாவர்? கோப்பிப் பயிர்க்காலத்திலும், பின் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதன் பின்னரும், மலைநாடெங்கும் இத்தகைய பாதைகள் பெருகின. கோப்பி மூடையும் கொழுந்துக்கூடையும் சுமந்தோர் நடந்தனர். துரைமாரின் குதிரைகளும் நடந்தன. அப்பாதைகளை வெட்டியவர்களோ மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்து சேர்ந்த எம் முன்னோர்.

மலைப்பாதையின் சாய்வை அளந்து குறிப்பதற்கு ஒரு கருவி உண்டு. கவையொன்றிலே தொங்கும் நீண்ட குழாயும், அதன்மீது நகர்த்தத்தக்க நிறையும் கொண்ட எளிய சாதனம் அது. நிறையை நகர்த்தினால் குழாய் வேண்டிய அளவு சாயும். அதனூடே நோக்கி, எதிரே கோல் பிடித்து நிற்பவனை மேலும் கீழும் நகர்த்திப் பாதையின் போக்கைக் குறிப்பர். அக்கருவியின் பெயரிலேயே 'சிலோன்' என்னும் சொல் நிலைத்திருப்பதும், இந்தியப் பொறியியல் நூல்களிலும் அது அப்பெயராலேயே பேசப்படுவதும் எமது மலைகளுக்குக் கிடைத்த சிறப்பன்றோ!

அப்பழம் பாதைகள் பலவற்றை இணைத்து, அண்மைக் காலத்தில் 'பீக்கோ' நெடும்பாதை என ஒன்றை அமைத்துள்ளனர். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தருகே தொடங்கி, 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு நுவரெலியாவில் முடிவது அது. நடப்போருக்காக அமைந்ததாயினும், ஏற்ற பகுதிகளில் வண்டியிலும் செல்லலாம்.

நீர் கற்பிக்கும் பாடம்

என் பாட்டனார் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கான் வெட்டியவர். கான் என்பது மலைச்சரிவுக்குக் குறுக்கே, மிகச் சிறிய சாய்வுடன், மழைநீரை மெல்ல நடத்திச் செல்லும் வாய்க்கால். எழுத்தறியாத அவர் அடிக்கடி கூறுவார்: "தண்ணிக்குக் கோவம் வரவுடக்கூடாதுடா." பௌதிக நூல் இதனையே வேறு வகையிற் கூறுகின்றது. நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். நேர் கீழ்நோக்கி ஓடும் நீர் மண்ணை வாரிச் செல்வது இதனாலேயாம்.

பாதை சுற்றிச் செல்வதன் காரணமும் இதுவே. மலைச்சரிவின் சாய்வில் அரைப்பங்கிற்கும் குறைவான சாய்வே பாதைக்கு இருத்தல் வேண்டும் என்பது, இன்று உலகெங்கும் வண்டித்தடம் அமைப்போர் கைக்கொள்ளும் விதி. அப்போதுதான் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து பரந்து வழியும், பாதையையே ஆறாக்கிக்கொள்ளாது.

குறுக்குத் தடத்தில் ஒருவன் பிறேக்கை இறுகப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு இறங்குகின்றான் எனக் கொள்வோம். சுழலாத சக்கரம் கலப்பைபோல் மண்ணைக் கீறுகின்றது. பத்துப் பேர் இறங்கினால் அக்கீறல் பள்ளமாகின்றது. அடுத்த மழையில் நீர் அப்பள்ளத்தைத் தன் வழியாக்கி, அரித்த மண்ணைக் கொணர்ந்து கீழேயுள்ள கானை அடைக்கின்றது. அடைபட்ட கான் நிரம்பி வழிகின்றது. அல்லது நீர் மண்ணுள் இறங்கி மலையைப் பாரமாக்குகின்றது.

ஒரு துவிச்சக்கரவண்டி மலையையே சரித்துவிடும் என்று யான் கூறவில்லை. பெருமழை, செங்குத்துச் சரிவு, காடழிப்பு, முறையின்றி மலையை வெட்டிக் கட்டும் வீடுகள் எனக் காரணங்கள் பல. ஹந்தானைத் தொடரை 2010ஆம் ஆண்டிலேயே சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அரசாங்கம் பிரகடனஞ் செய்தமையும் இம்மலையின் மென்மையைக் கருதியன்றோ! 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் கண்ட மண்சரிவுகளையும் உயிரிழப்புகளையும் எவர் மறப்பார்? மலையின் அடிவாரத்தில் உறங்குவோர் லயங்களில் வாழும் எளிய மக்கள். மேலே விளையாடுபவன் கீழே வாழ்பவனை நினைத்தல் வேண்டும்.

இளைஞர்க்கு ஒரு சொல்

மலையேற விரும்பும் மாணவர்க்குச் சில கூறுவேன். தோட்டத்துக்குள் நுழையுமுன் அனுமதி பெறுங்கள். பெருமழை பெய்து பாதை காயுமுன் செல்லாதீர்கள். சேற்றிலே பதியும் தடமே பெரும் அரிப்புக்கு வித்து. தலைக்கவசம் அணியுங்கள். இறக்கத்தில் உடலைச் சற்றுப் பின்தள்ளி, இரு பிறேக்குகளையும் மெதுவாக ஒருங்கே பிடியுங்கள். சக்கரம் உருண்டுகொண்டே இருக்கட்டும். கொழுந்து சுமந்து ஒரு தாய் எதிரே வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள். அவருக்கு அது விளையாட்டிடம் அன்று, வேலைத்தலம். புதுக் குறுக்குப் பாதை எதனையும் உண்டாக்காதீர்கள். அட்டைக் கடிக்கு அஞ்சவேண்டாம். அது மலை அறவிடும் சிறிய வரி.

அன்று குறுக்குப் பாதை கேட்ட மாணவன் வளைவு வழியாகவே இறங்கினான். அரை நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடங்கள் சென்றன. அதனால் அவன் இழந்தது ஒன்றுமில்லை. எதிர்ச்சரிவில் நீர்வீழ்ச்சியொன்று வெயிலில் மின்னியதை முதன்முதலாகக் கண்டவனும் அவனே.

புயல் ஓய்ந்து சில வாரங்களின் பின் அப்பக்கம் நடந்து சென்றேன். அதே வளைவின் கீழே இரு துவிச்சக்கரவண்டிகள் மண்மேட்டிற் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இப்பொழுது பல்கலைக்கழக மாணவனாகிவிட்ட அவனும் அவனுடைய தோழனும், தோட்டத்து முதியவர் ஒருவர் வழிகாட்ட, கானிலே நிறைந்திருந்த மண்ணை வாரிக்கொண்டிருந்தனர்.

"சேர், நீங்கள் ஏன் சேற்றில் இறங்குகிறீர்கள்?" என்று பதறினான் அவன்.

"அந்த மண்வெட்டியை இப்படித் தா, தம்பி" என்றேன்.