பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு

செர்டாங் வட்டாரத்தில் ஒரு சாவு விழுந்தால் முதல் பதினாறு நாளைக்கு அந்த வீடு தனியாக இருப்பதில்லை. கூடாரம் போட, நாற்காலி இறக்க, வருவோருக்குக் கோப்பி கலக்க, வேன் பிடிக்க என்று யாராவது நின்றுகொண்டே இருப்பார்கள். தோட்டத்து உறவு, பினாங்கில் வேலை செய்யும் பிள்ளைகள், பாரிட் புந்தாரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் என்று கூட்டம் குறையாது. கருமக்கிரியை முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவி, கூடாரத்தையும் அவிழ்த்துக்கொண்டு எல்லாரும் போன பிறகு, மறுநாள் காலையில் ஒரு கோப்பை அதிகமாகத் தேத்தண்ணீர் கலந்துவிட்டு அந்த அம்மா அடுப்படியிலேயே நின்றுவிடுகிறார்.

துக்கத்தின் கடினமான பகுதி அந்தப் பதினேழாம் நாளில்தான் தொடங்குகிறது. நம் சமூகம் கலைந்து போவதும் அதே நாளில்தான்.

லயத்து வீட்டுக் காலத்தில் இப்படி இல்லை. சுவர் ஒன்று, கூரை ஒன்று. நள்ளிரவில் ஒருவர் விசும்பினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மூன்று மாதம் ஆனாலும் பால்மரம் வெட்டப் போகும் வழியில் 'சாப்பிட்டியா ஆத்தா?' என்று கேட்க ஒரு கிழவி இருப்பார். ஒப்பாரியும் வெறும் அழுகையாக இருந்ததில்லை. தோளைக் கட்டிக்கொண்டு, போனவர் எப்படி வாழ்ந்தார், யாரை விட்டுப் போனார் என்று கதையாகச் சொல்லி அழுவார்கள். வாய்விட்டுச் சொல்லச் சொல்ல நடந்தது மனத்தில் பதியும். இன்று பல வீடுகளில் அதை ஒலிபெருக்கி செய்கிறது. தாமான் வீட்டில் கேட்டைப் பூட்டிவிட்டால் உள்ளே யார் அழுகிறார்கள் என்று தெரியாது.

'இழவு' என்பது இழத்தலைக் குறிக்கும் சொல். பிறகு அதுவே சாவுக்கும் பெயராகிவிட்டது. தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் நான்கு காரணங்களில் இழவு ஒன்று, வறுமை இன்னொன்று. சம்பாதித்தவர் போய்விட்ட தோட்ட வீட்டில் இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. நிர்வாகம் கொடுத்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை செய்தவர் இல்லையென்றால், 'எப்போது காலி செய்வீர்கள்?' என்ற கேள்வியும் பின்னாலேயே வரலாம்.

சடங்கே செய்ய முடியாமல் போனவர்களை நினைத்தால் அந்தப் பதினாறு நாளின் அருமை விளங்கும். 1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா இரயில் பாதை போட, கெடா உட்பட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்களின் உடல் ஊர் திரும்பவில்லை. பல குடும்பங்களுக்குச் சேதிகூட வரவில்லை. தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா? திதி கொடுப்பதென்றால் எந்த நாளில்? அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் பின்னாளில் இவ்வகைத் துக்கத்துக்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். முடிவு தெரியாததால் மனம் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றுவிடும் என்றார். காஞ்சனபுரியில் நேசப் படைக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உண்டு. நம் தொழிலாளர்களுக்கு அங்கே ஒரு நடுகல் எழுந்தது 2023-இல், எண்பது ஆண்டுகள் கழித்து.

துக்கம் ஐந்து படியாக ஏறி இறங்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். 1969-இல் எலிசபெத் குப்ளர்-ராஸ் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைக் கண்டு. பறிகொடுத்தவர்கள் எல்லாரும் அந்தப் படிகளில்தான் நடக்கவேண்டும் என்பதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபேயும் ஸ்குட்டும் 1999-இல் சொன்னது நம் வீடுகளுக்கு இன்னும் பொருந்துகிறது. மனம் இரண்டு பக்கமும் போய்வரும். காலையில் படத்தின் முன் அழுவதும், பத்து மணிக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டப் போவதும், மாலையில் ஏதோ ஒன்றுக்குச் சிரித்துவிடுவதும் ஒரே துக்கத்தின் பகுதிகள். அந்தச் சிரிப்பைப் பார்த்து 'புருசன் போய் ரெண்டு மாசந்தான் ஆகுது, அதுக்குள்ள பாரு' என்று பேசும் வாய்களால் வரும் கேடு, சாவு கொண்டுவந்த கேட்டுக்குக் குறைந்ததல்ல.

அந்த இன்னொரு பக்கத்தில் பாரங்களும் உண்டு. இறப்புப் பத்திரத்துக்குப் பல நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எங்கே போனாலும் கேட்பார்கள். சொக்சோ என்றால் வேலையிடத்து விபத்துக்கு மட்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், மாரடைப்பிலோ வீட்டிலோ இறந்தவரின் குடும்பத்துக்கும் பிழைத்திருப்போர் ஓய்வூதியம் உண்டு. ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தோடு, 60 வயதுக்கு முன் இறந்த குடிமக்களின் குடும்பத்துக்கு 2,500 வெள்ளி உதவித்தொகை பெற வாய்ப்புள்ளது. அதற்கு இறந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் அந்த ஆறு மாதம் எப்படிப் போனதென்றே தெரியாது. உயில் இல்லையென்றால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. இறந்தவரின் பெற்றோர் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். படத்துக்கு மாலை வாடும் முன்பே மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் இது தெரியாமல்தான். படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு மருமகப்பிள்ளையோ ஆசிரியரோ ஒரு நாள் கூடவே போய்வந்தால், அது பத்து மாலைக்குச் சமம்.

சிறு பிள்ளைகளிடம் 'அப்பா தூங்குறார்', 'ஊருக்குப் போயிருக்கார்' என்று சொல்வது நம் வழக்கம். பிள்ளை அதை நம்பிக் காத்திருக்கும். தூங்கவே பயப்படவும் செய்யும். 'அப்பா இறந்துட்டாரு, இனி வரமாட்டாரு, அம்மா இருக்கேன்' என்று நேராகச் சொல்வதையே பிள்ளையால் தாங்க முடியும். வகுப்பாசிரியருக்கும் தெரிவித்துவிட வேண்டும். ஆண்களின் நிலை வேறு. அழக்கூடாது என்று வளர்ந்தவர்கள். பழைய தோட்டத்தில் அது சம்சுக் கடையில் போய் முடிந்தது, இப்போது வேறு புட்டிகள்.

அழுகை நோயல்ல. ஆனால் மாதங்கள் கடந்தும் நாள்தோறும் அதே வேகத்தில் ஏக்கம், வேலைக்குப் போக முடியாமை, யாரையும் பார்க்கப் பிடிக்காமை என்று நீண்டால், மருத்துவம் அதை 'நீடித்த துக்கம்' என்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பெரியவர்களுக்கு ஓராண்டையும் எல்லையாக வைத்திருக்கின்றன. நம் பெரியவர்களும் ஆண்டுத் திவசம் வரை அந்த வீட்டுக்குத் தீபாவளி இல்லை என்று வைத்திருந்தார்கள். அந்த வருசம் பலகாரம் மற்ற வீடுகளிலிருந்து வரும்.

அரசாங்கக் கிளினிக்கில் 'தூக்கம் இல்லை, மனசு சரியில்லை' என்று சொன்னால் போதும், தேவைப்பட்டால் அங்கிருந்தே மேலே அனுப்புவார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, வீட்டில் யாராவது அப்படிப் பேசினாலோ, திவசம் வரை காத்திருக்கக் கூடாது. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.