நமுனுகுலவில் விழும் துளி எந்தக் கடலுக்கு?

பதுளைக்குத் தென்கிழக்கே 2036 மீட்டர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலை மழையைப் பங்கு போட்டு அனுப்புகிறது. பதுளைப் பக்கம் விழுந்த நீர் பதுளு ஓயாவில் இறங்கி, துன்ஹிந்தவில் குதித்து, மகாவலியோடு கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுந்தது மாணிக்க கங்கையாகக் கதிர்காமம் போய், யால காட்டைத் தாண்டித் தென்கிழக்குக் கடலில் சேர்கிறது. முகட்டில் ஓரடி தள்ளி விழுந்தால் துளியின் போக்கே மாறிவிடும்.

விழப்போகும் துளி எங்கே போய்ச் சேரும் என்பதை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? 2016இல் ஆல்வர் டாசா, மிகேல் சன்ஹுவான் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் அந்த ‘எவ்வளவு’க்கு ஓர் எண் கொடுத்தார்கள். அதை வடிநில என்ட்ரோபி எனலாம்.

வழி எளிது. வரைபடத்தின் மேல் சதுரக் கட்டங்கள் போடுங்கள். கட்டத்தின் அகலம்தான் நம் அளவீட்டின் பிழை: துளி இந்தக் கட்டத்துக்குள் விழுந்தது தெரியும், எந்த மூலையில் என்பது தெரியாது. ஒவ்வொரு கட்டத்திலும் பல புள்ளிகளை எடுத்து, எது எங்கே போகிறதென்று எண்ணுங்கள். சரிவின் நடுவே, தேயிலைக்குள் விழும் கட்டத்தில் எல்லாத் துளிக்கும் ஒரே ஆறு; என்ட்ரோபி 0. முகடு குறுக்கே ஓடும் கட்டத்தில் பாதிக்குப் பாதி என்றால் 0.693, அதாவது 2இன் இயல் மடக்கை. எல்லாக் கட்டங்களின் சராசரியே விடை.

நமுனுகுலவுக்கு இந்தச் சராசரி மிகச் சிறியது. கட்டத்தின் அகலத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் சந்தேகப் பரப்பும் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும். (கிட்டப் போனால் முகடு அவ்வளவு ஒழுங்கில்லை. யாரோ வெட்டிய ஒரு கான் போதும், எல்லை பல அடி நகர்ந்துவிடும்.)

மூன்று காந்தங்களுக்கு மேல் தொங்கும் இரும்புக் குண்டுதான் நிஜமான தலைவலி. ஆட்டிவிட்டால், கடைசியில் ஏதோ ஒரு காந்தத்தின் மேல் வந்து நிற்கும். எங்கிருந்து விட்டால் எங்கே நிற்கும் என்று மூன்று நிறம் பூசினால், எல்லை கோடாக இராது. ஒரு நிறத்துக்குள் மற்றது, அதற்குள் இன்னொன்று என்று பின்னிக் கிடக்கும். இத்தகைய எல்லைகளை 1983இல் கிரெபோகி, மெக்டொனால்ட், ஒட், யோர்க் நால்வரும், கட்டம் சுருங்கச் சுருங்கச் சந்தேகப் பரப்பு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதைக் காட்டும் ஓர் அடுக்கெண்ணால் அளந்தார்கள். மலைமுகட்டுக்கு அது 1. அடுக்கெண் 0.1 ஆக உள்ள அமைப்பில் சந்தேகத்தைப் பாதியாக்க, அளவீட்டை 1024 மடங்கு நுட்பமாக்க வேண்டும்! எந்தக் கருவியாலும் கட்டுப்படியாகாத பேரம் அது.

டாசா குழுவின் சோதனை இன்னும் சுருக்கமானது. ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உள்ள எல்லைக் கட்டங்களின் என்ட்ரோபிச் சராசரியை மட்டும் பாருங்கள். சாதாரண முகட்டில் ஒரு கட்டத்துக்குள் அநேகமாக இரண்டு முடிவுகளே இருக்கும், மூன்று வடிநிலங்கள் கூடும் இடம் அபூர்வம். ஆகவே சராசரி 0.693ஐத் தாண்டாது. தாண்டினால் எல்லை பின்னிக் கிடக்கிறது என்று துணிந்து சொல்லலாம். தாண்டாவிட்டால் எளிய எல்லைதான் என்று தீர்ப்பெழுத முடியாது. கட்டத்தைச் சுருக்கி மறுபடி எண்ண வேண்டியதுதான்.