அபராதம் யார் பையிலிருந்து?

பெங்களூரின் ஐந்து மாநகராட்சிகளுக்கும் தேர்தல் நடத்த நீதிமன்றம் கெடு விதித்திருக்கிறது. அதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் மீண்டும் மீண்டும் வருகிறது: நகரின் பெல்லந்தூர் ஏரி மாசுபட்டதற்காக அரசுக்கே அபராதம் விதித்தார்களே, அதில் தண்டனை அடைந்தது யார்? மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1996-இல், வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் சட்டத்தின் பகுதியாக்கியது. கழிவைச் சுத்திகரிப்பதைவிட அபராதம் அதிகமானால் முதலாளி தானாகவே சுத்திகரிப்பார் என்பதே அதன் சூட்சுமம். முடிவெடுப்பவரும் பணம் இழப்பவரும் ஒருவராக இருந்தால்தான் அது பலிக்கும். பெல்லந்தூரில் இருவரும் வேறு. சுத்திகரிக்காத சாக்கடை ஏரியில் கலந்தது. நுரை சாலைக்குப் பறக்காமல் இருக்கக் கரையில் கம்பிவலை கட்டினார்கள். 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி, அன்றைய மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டுமே வரிப்பணம். நுரையில் நனைந்தவரிடமே அபராதமும் வசூலாகிறது. அதிகாரிக்கோ, 2023-இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, துறைத் தலைவர் என்றால் ஒரு மாத அடிப்படைச் சம்பளம். தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் அதுவும் இல்லை.

அபராதத்தோடு ஏரிச் சீரமைப்புக்கு 500 கோடியைத் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொன்னதும் தீர்ப்பாயம்தானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அது நீதிமன்றம் போட்ட பட்ஜெட், தண்டனை அல்ல. தவறிய ஆட்சியை வாக்காளர் தண்டிப்பார் என்பது இன்னொரு வாதம். ஆனால் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் நகரை நடத்தியவர்கள் நிர்வாக அதிகாரிகள். மேலும், தென்பெண்ணை ஆற்றில் இறங்கும் இந்த ஏரிக் கழிவு நுரையாய்ப் பொங்குவது ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில். அங்குள்ள விவசாயிக்கு இங்கே ஓட்டே கிடையாது. ஆகவே, எந்தத் துறையின் எந்த முடிவால் கழிவு கலந்தது என்பதைத் தீர்ப்பிலேயே எழுதி, தொகையை அந்தத் துறையின் ஒதுக்கீட்டில் கழிக்காதவரை, அரசுக்கு விதிக்கும் அபராதம் கஜானாவின் ஒரு அறையிலிருந்து மறு அறைக்குப் போகும் பணம்தான்.

வாசகர்களின் மற்ற கேள்விகள்: தேர்தல் வந்தால் ஏரி சுத்தமாகுமா? கழிவுநீர் வாரியம் 1964-ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின் கீழ் உருவான மாநில அமைப்பு. உங்கள் கவுன்சிலர் அதற்கு உத்தரவிட முடியாது.

ஏரியைச் சுற்றிக் கட்டடமின்றி விடத் தீர்ப்பாயம் சொன்ன 75 மீட்டர் இடைவெளி? 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

தனிநபர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா? பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள். இழப்பீடு என்றால் ஐந்து ஆண்டுக்குள்.