வாடல் நோய்க்கு அசராத வாழை: எப்படித் தேடுறாங்க?

ரஸ்தாளி போட்டவர்களுக்கு இது பழகிய காட்சி. அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகும். காம்பு மடங்கி, மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி இலைகள் தொங்கும். கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கறை. இதுதான் பனாமா வாடல் நோய்.

காரணம், ஃபியூசேரியம் என்ற பூஞ்சை. வேர் வழியா நுழைந்து, தண்ணீர் ஏறும் பாதையை அடைத்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் மரம் வாடிப்போகும். இந்தப் பூஞ்சை மண்ணிலேயே பல பத்தாண்டுகள் கிடக்கும். மருந்து ஊற்றி ஒழிக்க முடியாது. அதனால்தான் நோயைத் தாங்கும் ரகத்தைத் தேடுறாங்க.

உலகச் சந்தையை ஒரு காலத்தில் ஆண்ட குரோ மிஷேல் ரகத்தை 1950களில் வீழ்த்தியது இந்த நோய்தான். அந்த இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். நம்ம ஊரில் ஜி-9 என்று விற்கிறாங்களே, அது இந்தக் குடும்பம். இப்போது டி.ஆர்.4 என்ற பூஞ்சை வகை அதையும் சாய்க்கிறது. பீகாரின் கட்டிஹார் பகுதி வரை வந்துவிட்டது.

புது ரகம் உருவாக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். நாம் சாப்பிடும் வாழைக்கு விதை கிடையாது. ஒவ்வொரு கன்றும் தாய் மரத்தின் நகல். நெல் மாதிரி ஒட்டுச் சேர்த்து வாரிசு எடுப்பது லேசில்லை.

தைவான்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். திசு வளர்ப்பில் சில கன்றுகள் தாயிலிருந்து கொஞ்சம் மாறிவிடும். வழக்கமாக அது குறை. அவர்களோ அந்தக் கன்றுகளை நோய் பிடித்த மண்ணிலேயே நட்டு, பிழைத்ததை மட்டும் பொறுக்கினார்கள். அப்படி வந்ததுதான் ஃபார்மோசானா. நோயை ஓரளவு தாங்கும். ஆனால் அறுவடைக்குக் கூடுதல் நாளாகும்.

ஆஸ்திரேலியாவில் விதையுள்ள காட்டு வாழையின் ஒரு மரபணுவைக் கேவண்டிஷில் சேர்த்தார்கள். க்யூகேவ்-4 எனும் அந்த ரகத்துக்கு 2024 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. டி.ஆர்.4 அங்கே பெரிதாகப் பரவினால் எடுக்கலாம் என்று கையிருப்பாகத்தான் வைத்திருக்காங்க. சாப்பிட லாயக்கில்லாத, கொட்டை நிறைந்த காட்டு வாழையை யாராவது காப்பாற்றி வைத்திருந்ததால்தான் இதுவும் முடிந்தது.

கன்று வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்க. திசு வளர்ப்புக் கன்று நோயில்லாமல் வரும், அவ்வளவுதான். நோய் தாங்கும் ரகம் என்று அர்த்தமில்லை. கெட்ட மண்ணில் வைத்தால் அதுவும் வாடும். பக்கத்துத் தோட்டத்தில் வாடல் இருந்தால், அங்கிருந்து கன்றும் வேண்டாம், மண் ஒட்டிய மண்வெட்டியும் வேண்டாம்.