முதல் கமரா வாங்கும்போது

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு "வாப்பா, எனக்கு ஒரு கமரா வேணும்" என்று கேட்கும் மகள்மார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதை வீண் ஆசை என்று தள்ளிவிடத் தேவையில்லை. கல்லூரி விழாவிலும் கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்திலும் படம் எடுக்க ஒரு பெண்பிள்ளையைத்தான் தேடுகிறார்கள். ஆனால் கடைக்குப் போனதும் வாப்பா கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மெகாபிக்சல்?" என்பதாகவே இருக்கிறது. பணம் பிழையான இடத்துக்குப் போகத் தொடங்குவது அங்கேதான்.

ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் ஒரு முழுப்பக்கப் படம் போட 9 மெகாபிக்சல் போதும். பத்து வருடம் பழைய டீ.எஸ்.எல்.ஆர். கமராவிலும் 18 அல்லது 24 இருக்கும். ஆகவே அந்த எண்ணை மறந்துவிடலாம்.

பார்க்கவேண்டியது வேறொன்று. டீ.எஸ்.எல்.ஆரில் உடல் தனி, வில்லை தனி. வில்லை வந்து பூட்டும் உலோக வளையத்தை மவுன்ட் என்பார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது வேறு. நிக்கோனின் எப் மவுன்ட் 1959இல் வந்தது, அதன் டீ.எஸ்.எல்.ஆர். கமராக்கள் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். கெனன் 1987இல் தன் பழைய மவுன்டைக் கைவிட்டு ஈ.எப். மவுன்டைத் தொடங்கியது. ஒன்றின் வில்லை மற்றதில் நேராகப் பூட்டாது. உடல் சில வருடத்தில் பழசாகும்; நல்ல வில்லை இருபது வருடமும் உழைக்கும். முதல் கமராவோடு நாம் ஒரு மவுன்டைத் தெரிவுசெய்கிறோம். அடுத்தடுத்து வாங்கும் வில்லைகள் எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

கெனனா நிக்கோனா என்று வாதாடுவதில் பெரிய பயன் இல்லை. இரண்டும் நல்லவை. சாச்சாவிடமோ தாத்தாவிடமோ கல்லூரி ஊடகக் கழகத்திடமோ எந்த மவுன்டில் வில்லைகள் இருக்கின்றன என்று விசாரிப்பதே மேல். இரவல் வாங்கக்கூடிய ஒரு வில்லை, விளம்பரத்தில் சொல்லும் பத்துச் சிறப்புகளை விடப் பெறுமதியானது.

ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்கவேண்டும். குவியத்தைத் தானாகச் சரிசெய்யும் மோட்டார் கெனனின் ஈ.எப். வில்லைகளில் உள்ளேயே உண்டு. நிக்கோனின் பழைய ஏ.எப். வில்லைகள் பலவற்றில் அது இல்லை. கமராவின் உடலிலுள்ள மோட்டார்தான் அவற்றை இயக்கும். ஆனால் ஆரம்ப மாணவருக்கான டீ3000, டீ5000 வரிசைகளின் உடலில் அந்த மோட்டார் கிடையாது. அவற்றுக்கு ஏ.எப்-எஸ் என்று எழுதியிருக்கும் வில்லையாகப் பார்த்து வாங்கவேண்டும். இல்லாவிட்டால் கையால் திருகித்தான் குவியப்படுத்த வேண்டிவரும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். நாம் எடுக்கப்போவது பெரும்பாலும் மண்டபத்துக்குள்ளே. கமராவோடு பெட்டியில் வரும் 18-55 மி.மீ. வில்லை பகல் வெளிச்சத்தில் குறைசொல்ல முடியாதது. ஆனால் அதை முழுவதும் நீட்டினால் துவாரம் எப்/5.6 வரைதான் திறக்கும். விலை மலிவான 50 மி.மீ. எப்/1.8 வில்லையோ ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். முதலாவதற்கு 1/15 செக்கன் தேவைப்படும் மேடையில் இரண்டாவது 1/125 செக்கனில் எடுத்துவிடும். 1/15 செக்கனில் கையை அசைத்துப் பேசும் மாணவியின் கை புகையாகத்தான் பதியும். வில்லையில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். அது நம் கை நடுங்குவதைத் தடுக்கும். பேசுகிற பிள்ளையை அசையாமல் நிறுத்தாது. சிறிய அறைக்குள் 50 மி.மீ. நெருக்கிவிடும் என்பதால் நிக்கோன்காரர் 35 மி.மீ. எப்/1.8 வில்லையைப் பார்க்கலாம்.

ஆகவே என் யோசனை, புத்தம் புதிய விலையுயர்ந்த உடலுக்குப் பதில் பாவித்த ஓர் உடலும் இப்படி ஒரு வில்லையும். கெனனும் நிக்கோனும் 2018இல் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கமராக்களுக்குப் புதிய மவுன்ட்களைத் தொடங்கிவிட்டன. டீ.எஸ்.எல்.ஆர். அங்கே பழையதாகிவிட்டது, அதனால்தான் நம் கைக்கெட்டும் விலைக்கு வந்திருக்கிறது. நாளைக்கு மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் கெனனின் ஈ.எப். வில்லைகளும் நிக்கோனின் ஏ.எப்-எஸ் வில்லைகளும் அந்தந்த நிறுவனத்தின் இணைப்பு வளையத்தோடு தானியங்கிக் குவியம் கெடாமல் வேலைசெய்யும்.

கத்தாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ மாமா வாங்கி வருவதாக இருந்தால் "நல்ல கமரா ஒன்று" என்று சொல்லி அனுப்பக்கூடாது. மாதிரியின் பெயரையும் வில்லையின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அங்கே கொடுக்கும் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் வாங்குமுன் கேட்கச் சொல்லுங்கள்.

பாவித்ததை வாங்குவோர், ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று பார்க்கவேண்டும். நிக்கோனில் எடுத்த படக்கோப்பிலேயே அந்த எண்ணிக்கை பதிந்திருக்கும். வில்லையைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். நம் நாட்டு ஈரக்காற்றில் வில்லைக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. ஆசையாக வாங்கிய கமராவைத் தோல் பையோடு அலுமாரியில் பூட்டி வைப்பதுதான் அதற்கு வழிவிடுகிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். பொதிகள் ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். படம் எடுக்க நிகழ்ச்சி இல்லாத வாரத்திலும் ஒருமுறை வெளியே எடுத்து, வீட்டில் உம்மாவையாவது நாலு படம் எடுங்கள்.