சேறு பூசவும் ஒரு முறை உண்டு!

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் வண்டிக்கு அழகாகச் சாயம் அடித்துவிட்டு, பிறகு அதன்மேல் தானே அழுக்கையும் பூசுகிறானா? "காசைக் கரியாக்குகிறான்" என்று திட்டிவிடாதீர்கள். சற்றுப் பொறுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவன் கற்க வேண்டியதும் அதில் உண்டு. நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியதும் உண்டு.

எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், விடுமுறையில் ஒரு லேண்ட்ரோவர் மாதிரியைப் பொருத்திப் பச்சைச் சாயமும் அடித்துக் கொண்டுவந்தான். அளவு 1/35. அதாவது உண்மை வண்டியில் 35 சென்டிமீட்டர் இருப்பது மாதிரியில் ஒரே சென்டிமீட்டர். எண்ணும் சின்னங்களும் இனிமேல்தான் ஒட்ட வேண்டும். "சொல்லிக் கொடுங்கள், சார்" என்றான்.

பெட்டியோடு வரும் இந்த ஒட்டுப்படத்தை 'டீக்கல்' என்பார்கள். தாளின்மேல் தண்ணீரில் கரையும் பசை. அதன்மேல் வெங்காயச் சருகு போன்ற மெல்லிய படலத்தில் அச்சிட்ட படம். மங்கலான சாயத்தின்மேல் இதை நேராக ஒட்டக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று தங்கி, படலம் வெள்ளி பூத்ததுபோல் மின்னும். ஆகவே முதலில் பளபளப்பான, நிறமற்ற வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிட வேண்டும். வார்னிஷ் வேலையை அடுப்படியில் செய்யாமல், காற்றோட்டமான அஞ்சடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைக் கத்தரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் நனைத்து, டிஷ்யூ தாளின்மேல் வையுங்கள். அவசரப்பட்டு உரித்தால் கிழிந்துவிடும். படம் தானாக நகரத் தொடங்கியதும், ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தாளை அருகில் வைத்து ஈரத் தூரிகையால் தள்ளி இறக்குங்கள். நேராக்கிய பின், நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல ஒற்றித் தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றுங்கள். ஓர் இரவு காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சு வார்னிஷ். அப்போதுதான் அடுத்த வேலையில் படம் பெயராது.

அடுத்தது அழுக்கு வேலை. கறுப்பும் பழுப்பும் கலந்த சாயத்தை நிறையத் தண்ணீர் சேர்த்துக் கதவு இடுக்குகளில் ஓடவிட்டால் நிழல் விழும். பாஸ்டல் கட்டியை உரசிய தூள், புழுதியாகும். பிய்த்த ஸ்பஞ்சுத் துண்டில் துளிச் சாயம் தொட்டு, தாளில் ஒற்றி எடுத்து, ஓரங்களில் தட்டினால் சாயம் பெயர்ந்த தோற்றம் வரும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். "பழைய வண்டிதானே, கதவிலெல்லாம் துரு வை" என்றேன். பையனும் செங்காவி நிறத்தை அள்ளித் தட்டினான்.

மறுநாள் அவனை அழைத்துப்போக அவன் தாத்தா வந்தார். முன்பு துரையின் லேண்ட்ரோவரைப் பல ஆண்டுகள் ஓட்டியவர். மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாத்தியாரே, இந்த வண்டியோட உடம்பு அலுமினியங்க. செந்துரு புடிக்காது. சாயம் போனா வெள்ளையாத்தான் தெரியும். அடியில இருக்கிற சட்டந்தான் இரும்பு. துருவ அங்க வைக்கச் சொல்லுங்க."

அவர் சொன்னது சரி. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமானது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், உடற்பகுதித் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டத்தை எஃகில் செய்தார்கள். பயிற்சிக் கல்லூரியில் படித்த எனக்குத் தெரியாதது, அந்த வண்டியைத் தினமும் கழுவித் துடைத்த கைக்குத் தெரிந்திருந்தது.

தாத்தா அதோடு விடவில்லை. "சேறு சக்கரத்துக்குப் பின்னால அடிக்கும், கூரைக்கு ஏன் ஏறுது? கண்ணாடியில வைப்பர் ஓடுன எடம் சுத்தமா இருக்கும். டிரைவர் பக்கக் கதவுப் பிடியில சாயம் தேஞ்சிருக்கும், எங்க கை பட்ட எடம் அது" என்றார்.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் கீறல் போட்டால், உண்மை வண்டியில் அது 3.5 சென்டிமீட்டர் காயம்! குறைவாகப் பூசுவதே அழகு. கடைசியில் மங்கல் வார்னிஷை மெல்லியதாகப் பூசினால் மினுமினுப்பு அடங்கிவிடும்.

பையன் கதவுத் துருவைப் பச்சைச் சாயத்தால் மறைத்தான். பிறகு, "தாத்தா, உங்கள் வண்டி எண் என்ன?" என்று கேட்டான். கிழவர் யோசிக்கக்கூட இல்லை, சட்டென்று சொன்னார். ஒட்டியிருந்த அயல்நாட்டு எண்ணின்மேல் கறுப்புப் பூசி, அந்த எண்ணை வெள்ளையில் எழுதினான் பேரன்.

அந்த வண்டி எப்போதோ பழைய சாமானுக்குப் போய்விட்டது. அவர் ஓட்டிய தோட்டத்தில் இன்று வீடுகள் நிற்கின்றன. "இதெல்லாம் ஏன் வீட்டில் சொல்லவில்லை?" என்று பேரன் கேட்டதற்கு, "யாரு கேட்டா?" என்றார் தாத்தா.

பெற்றோர்களே, பிள்ளையின் வண்டி இன்னும் காயாமல் இருக்கும்போதே பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்த இடத்தில் தேயும், எந்த இடத்தில் துருப்பிடிக்கும் என்பது உழைத்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள்.