விழித்திருக்கும் வேலை

கம்பம் பள்ளத்தாக்கில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற நினைக்கும் தேனிக்காரர் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மதுரைக்குத்தான் போக வேண்டும். அதனால் பள்ளத்தாக்கின் வானம் சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. இந்திய வானத்தை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரிய விமானத் தகவல் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தேனி மாவட்டத்தின் வானம் சென்னை மண்டலத்தைச் சேர்ந்தது. மேகமலைக்கு மேலே வெள்ளைக் கோடு கிழித்துப் போகும் ஜெட் விமானத்தை, 400 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னையில் ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். துறைக்குள் எல்லோரும் சொல்வது ‘கன்ட்ரோலர்’.

அவர் முன்னால் இருக்கும் கருவிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த நாற்காலியில் இருக்கும் மனிதரின் கண், காது, நினைவு, களைப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு கருவியை வடிவமைக்கும் ஒரு பொறியியல் துறையும் இருக்கிறது. ‘ஹியூமன் ஃபேக்டர்ஸ்’ எனப்படும் மனிதக் காரணிகள் பொறியியல் அது. நம் ஊர்களில் அதைப் படிப்பவர்கள் குறைவு.

திரையில் தெரிவது என்ன?

ரேடாரில் இரண்டு வகை உண்டு. முதல்நிலை ரேடார் அலையை அனுப்பி, விமானத்தின் மீது பட்டுத் திரும்புவதை வாங்கிக்கொள்ளும். இந்தத் திசையில், இவ்வளவு தொலைவில் ஏதோ இருக்கிறது என்பது வரைதான் அதற்குத் தெரியும். இரண்டாம்நிலை ரேடார் விமானத்திடம் கேள்வி கேட்கும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் தன் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். இப்போது ஏடிஎஸ்-பி என்ற முறையும் சேர்ந்திருக்கிறது. அதில் விமானம் செயற்கைக்கோள் வழியாகத் தன் இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டு, யாரும் கேட்காமலேயே அறிவித்துக்கொண்டு போகும்.

ரேடார் அலை நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நின்றால் மலைக்குப் பின்னால் தாழப் பறப்பது தெரியாது. நம் மேற்கு எல்லையை ஒட்டிய தொடரில் ஆனைமுடி 2,695 மீட்டர், அதாவது ஏறத்தாழ 8,840 அடி உயரம். மேற்கிலிருந்து மதுரைக்கு வரும் விமானத்துக்கு இறங்க அனுமதி தரும்போது மலையின் உயரமும் கணக்கில் இருக்க வேண்டும்.

இரண்டு விமானங்களுக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளி விட்டாக வேண்டும். முன்பு 29,000 அடிக்கு மேலே செங்குத்து இடைவெளி 2,000 அடியாக இருந்தது. 2003 நவம்பர் 27 முதல் இந்திய வானில் 41,000 அடி வரை அது 1,000 அடியானது. அதே வானத்தில் அதிக விமானங்கள் போக வழி பிறந்தது. உயரமானிகள் முன்பைவிடத் துல்லியமாகிவிட்டதால் இது முடிந்தது. பார்ப்பவரின் கண்ணும் மூளையும் அந்தப் பழைய அளவிலேயேதான் இருந்தன.

கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் ‘பிக்சர்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். எது ஏறுகிறது, எது இறங்குகிறது, ஐந்து நிமிடத்தில் எவை எங்கே சந்திக்கும் என்பதெல்லாம் சேர்ந்து மனத்துக்குள் ஓடும் காட்சி அது. திரை தட்டையானது. அதில் உயரம் வெறும் எண்ணாகத்தான் இருக்கும். எண்ணை உயரமாக மாற்றிப் பார்ப்பது கன்ட்ரோலரின் மூளை. வேலை மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் இந்தக் காட்சியைத்தான்.

சர்க்கி தாத்ரி

1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747 விமானத்துக்கு 14,000 அடி வரை ஏற அனுமதி. எதிரே வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின்-76 விமானத்துக்கு 15,000 அடி வரை இறங்க அனுமதி. கஜக் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. அதற்கும் கீழே இறங்கியது. ஹரியாணாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணை நீதிபதி ஆர்.சி.லகோட்டி தலைமையில் நடந்தது. கொடுத்த உயரத்தை மீறியது கஜக் விமானம் என்பதில் ஐயமில்லை. மனிதக் காரணிகள் பொறியாளர் அந்த இடத்தோடு நிற்க மாட்டார்; ஏன் மீறியது, மீறியதை ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்பார். கஜக் விமானத்தில் கன்ட்ரோலரிடம் பேசியவர் விமானியல்ல, தனி வானொலி இயக்குநர். அவருக்கென்று உயரமானி இல்லை. விமானிகளின் கருவியை எட்டித்தான் பார்க்க வேண்டும். டெல்லியில் அப்போது பயன்பாட்டில் இருந்தது முதல்நிலை ரேடார் மட்டுமே. ஆகவே அனுமதியை மீறி விமானம் இறங்குவது கன்ட்ரோலரின் திரையில் தெரிய வழியில்லை. போவதற்கும் வருவதற்கும் ஒரே வான்வழி. இந்த விபத்துக்குப் பிறகு இந்தியாவில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் வழிகளைப் பிரித்தார்கள். மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் கட்டாயமாயிற்று.

இவற்றில் எதுவுமே யாரிடமும் ‘கவனமாக இரு’ என்று சொன்னதால் கிடைத்த பாதுகாப்பு அல்ல. ஒருவர் தவறினால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும்படி அமைப்பை மாற்றினார்கள்.

அரை மணி நேரக் கவனம்

கூடலூர்ப் பக்கம் பயிர்க் காவலுக்குப் பரண் மேல் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பன்றி வருகிற இரவைவிட, ஒன்றுமே வராத இரவில் விழித்திருப்பதுதான் கஷ்டம். இதை ஆய்வகத்தில் அளந்து காட்டியவர் இங்கிலாந்து உளவியலாளர் நார்மன் மேக்வொர்த். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய ரேடார் இயக்குநர்கள் திரையில் வந்த அறிகுறிகளைத் தவறவிட்டார்கள். காரணம் தேடிய மேக்வொர்த், ஒரு முள் சீராகத் தாவிக்கொண்டிருக்கும் வட்டத் தகடு ஒன்றை வைத்துச் சோதித்தார். எப்போதாவது முள் இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் கீழே இறங்கிவிட்டது. அந்தச் சோதனை முடிவுகள் 1948இல் வெளிவந்தன.

1951இல் அமெரிக்காவில் பால் ஃபிட்ஸ் தலைமையிலான குழு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காகவே ஓர் அறிக்கை எழுதியது. மனிதர் எதில் கெட்டி, இயந்திரம் எதில் கெட்டி என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. எதிர்பாராததைச் சமாளிப்பது, அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுப்பது மனிதருக்கு வரும். சலிக்காமல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது இயந்திரத்துக்கு வரும். கண்காணிப்பை மனிதர் தலையில் மட்டும் கட்டாதீர்கள் என்பது அன்றைக்கே தெரிந்த பாடம்.

ராஜா பரசுராமனின் கேள்வி

அப்படியானால் எல்லாவற்றையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, மனிதர் அதை மேற்பார்வை பார்த்தால் போதாதா? இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்க விடை தேடியவர் இந்திய வம்சாவளி அறிஞரான ராஜா பரசுராமன் (1950–2015). லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1972இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு உளவியலுக்குத் திரும்பி, 1976இல் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார்.

1993இல் ராபர்ட் மொல்லாய், இந்திராமணி சிங் ஆகியோருடன் அவர் வெளியிட்ட சோதனை மிக முக்கியமானது. பங்கேற்றவர்கள் ஒரே சமயத்தில் பல வேலைகளைச் செய்ய வேண்டும். அதில் ஒன்றைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும். தானியங்கி எப்போதும் ஒரே அளவில் நம்பகமாக இருந்தபோது, அது தவறியதை மனிதர்கள் பெரும்பாலும் கவனிக்கவில்லை. நம்பகத்தன்மை ஏறி இறங்கியபோது நன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஒழுங்காக ஓடுகிற இயந்திரம்தான் மனிதரை அசரவைக்கிறது. 2001இல் உல்லா மெட்ஸ்கரும் பரசுராமனும் உண்மையான கன்ட்ரோலர்களை வைத்து ஆராய்ந்தார்கள். விமானங்களைத் தாங்களே வழிநடத்தியபோது மோதல் வாய்ப்பைச் சீக்கிரம் கண்டவர்கள், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோது தாமதமாகத்தான் கண்டார்கள். கை வேலையில் இருந்தால்தான் ‘பிக்சர்’ மனத்தில் நிற்கும்.

2000இல் தாமஸ் ஷெரிடன், கிறிஸ்டோபர் விக்கன்ஸ் ஆகியோரோடு சேர்ந்து அவர் ஒரு வழிமுறை வகுத்தார். தானியங்கியை ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று மொத்தமாகப் பேசாமல், வேலையை நான்காகப் பிரியுங்கள்: தகவல் சேர்ப்பது, அலசுவது, முடிவெடுப்பது, செய்து முடிப்பது. ஒவ்வொன்றிலும் இயந்திரத்துக்கு எவ்வளவு பங்கு என்று தனித்தனியாகத் தீர்மானியுங்கள். தகவல் சேர்ப்பதில் தாராளமாகக் கொடுக்கலாம். ஆபத்து மிகுந்த முடிவுகளில் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

பங்கைத் தெளிவாக வகுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2002 ஜூலை 1 இரவு காட்டியது. ஜெர்மனியின் உபெர்லிங்கனுக்கு மேலே எதிர்ப்பட்ட இரண்டு விமானங்களில் ஒன்றிடம் டிகாஸ் கருவி ‘ஏறு’ என்றது. கன்ட்ரோலர் ‘இறங்கு’ என்றார். அவர் அப்போது தனியாளாக இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானிகள் மனிதர் சொல்லைக் கேட்டார்கள். மற்ற விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள். கருவியும் கன்ட்ரோலரும் முரண்பட்டால் கருவியின் சொல்லே இறுதி என்ற விதி அதற்குப் பிறகுதான் உலகெங்கும் ஐயமற உறுதியானது.

போக வழி

கன்ட்ரோலராக விரும்பும் மாணவருக்குப் பாதை நேரானது. இயற்பியல், கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டமோ பொறியியல் பட்டமோ இருந்தால், இந்திய விமான நிலையங்கள் ஆணையம் நடத்தும் தேர்வை எழுதலாம். குரல் சோதனையும் உளவியல் சோதனையும் அதில் அடக்கம். பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோண்டியா ஆகிய இடங்களில் பயிற்சி நடக்கும்.

ஆய்வாளராக விரும்புவோரின் பாதை சற்றுச் சுற்றுவழி. பரசுராமனைப் போலப் பொறியியலில் தொடங்கி உளவியலுக்குப் போகலாம். உளவியலில் தொடங்கிக் கணினிக்கும் வரலாம். அவரோடு பணியாற்றிய இந்திராமணி சிங் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும், மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியிலும், விமானப் படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்திலும் மனிதரையும் கருவியையும் சேர்த்து ஆராய்கிறார்கள்.

இந்தப் படிப்பின் பயன் வானத்தோடு முடிவதில்லை. லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை, தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு என ஒருவர் பல அளவிகளைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் இடங்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. அங்கெல்லாம் ஒரு தவறு நடந்தால் ‘யார் அசந்தது?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். அசந்தவரைத் தண்டிப்பது எளிது. அடுத்து அதே நாற்காலிக்கு வருபவரும் அசரத்தான் செய்வார். அசந்தாலும் விபத்தாகாதபடி நாற்காலியையும் திரையையும் வேலை நேரத்தையும் அமைக்கத் தெரிந்தவர்கள் நமக்கு இன்னும் அதிகம் வேண்டும்.